மூன்றாவது கண் யாரைப் பார்க்கிறது?

2012 ஜனவரி 23 அன்று சென்னை பெருங்குடியில் பாங்க் ஆஃப் பரோடா கிளையிலும், சரியாக நான்கு வாரம் கழித்துப் பிப்ரவரி 20 அன்று கீழ்க்கட்டளையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக் கிளையிலும் பட்டப்பகலில் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளை நடந்தது. இரண்டு கிளைகளிலும் கண்காணிப்புக் கேமரா இல்லை. கொள்ளையர்கள் முன்கூட்டியே பல வங்கிகளுக்குப் போய் நோட்டம் பார்த்திருப்பார்கள் என்று கணித்த போலீசார், கேமரா வைத்திருந்த வேறு வங்கிகளின் பதிவுகளை வாங்கிப் பார்த்து, அதில் சிக்கிய ஓர் இளைஞனின் உருவத்தைத் தொலைக்காட்சிகளுக்குக் கொடுத்தார்கள். படம் வெளியானதும் பொதுமக்களிடமிருந்து தகவல் வந்தது என்று காவல்துறை அறிவித்தது. 23ஆம் தேதி விடிவதற்குள் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

அந்த என்கவுன்டர் குறித்து மனித உரிமை அமைப்புகள் எழுப்பிய கேள்விகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த ஒரு மாதத்தில் அடுத்தடுத்து வந்து சேர்ந்த மூன்று பொருள்கள்: தனியார் ஒருவருக்குச் சொந்தமான கேமரா, குடிமகன் ஒருவர் வலிய வந்து சொன்ன தகவல், அவை இரண்டையும் பெற்றுக்கொண்ட காவல்துறையின் அதிகாரம். குற்றத்தைத் தடுக்கக் காவல்துறை பொதுமக்களோடும் வணிகர்களோடும் கைகோக்க வேண்டும் என்று மேடைதோறும் சொல்லப்படுவதை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை இந்த மூன்றும்தான். மூன்றாவது பொருள் முதல் இரண்டுக்கும் எந்த விதத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதில்தான் ஒவ்வொரு திட்டமும் நின்றிருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது.

கொள்ளைகளைத் தொடர்ந்து இரண்டு ஆணைகள் வந்தன. வீட்டு உரிமையாளர்கள் வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின் கீழ் உத்தரவிட்டது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களில் கேமரா பொருத்துவதைக் கட்டாயமாக்கும் விதிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்காக மாநில அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது. பொதுமக்களின் ஒத்துழைப்பு என்று அழைக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதி இப்படிக் கட்டளையாக மாறியது. ஒத்துழைப்பும் கட்டளையும் வேறு வேறு என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை; ஆனால் நம் ஊரில் இரண்டுக்கும் இடையிலான கோடு அடிக்கடி அழிந்துபோகிறது.

காவலுக்கு ஊரே பொறுப்பு என்ற ஏற்பாடு தமிழகத்துக்குப் புதிதன்று. பாடிகாவல் என்ற பெயரில் ஊர்க்காவலுக்காகத் தண்டப்பட்ட வரியைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. தென் மாவட்டங்களில் திசைகாவல், தலக்காவல் என்று இரு அடுக்காகக் காவல் உரிமை இருந்தது. காவல்காரர் ஊரிடம் ஆண்டுதோறும் தானியமோ பணமோ பெற்றுக்கொள்வார். களவு போனால் பொருளை மீட்டுத் தரவோ ஈடுகட்டவோ அவர் கடமைப்பட்டவர். கூலி வாங்கியவர் தோற்றால் நட்டம் அவரையே சேரும் என்ற அந்தக் கணக்கு, இன்றைய எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒன்று. அதே ஏற்பாடு கெட்டுப்போகும் விதத்தையும் நம் ஊர் கண்டிருக்கிறது. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களுக்கு வேண்டியவரிடமே பணம் கொடுத்து மாட்டை மீட்பதற்குத் துப்புக்கூலி என்று பெயர். காவல்காரனும் கள்வனும் ஒரே ஆளாகிவிட்டால் காவல் கூலிக்கும் மிரட்டிப் பறிப்பதற்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது. பாளையக்காரர் போர்களுக்குப் பின் ஆங்கிலேயர் அந்தக் காவல் உரிமைகளை ஒழித்தார்கள். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் சம்பளம் பெறும் ஒரே போலீஸ் படை அமைந்தது. அந்தப் படை ஊருக்குப் பதில் சொல்லாது, மேலதிகாரிக்குப் பதில் சொல்லும். ஊரிலிருந்து காவலைப் பிரித்தெடுத்து நூற்றைம்பது ஆண்டுகளாகிவிட்ட பிறகு, அதை மீண்டும் ஊரோடு ஒட்டவைக்கப் பார்க்கும் முயற்சிகளே இன்று நாம் பேசும் திட்டங்கள்.

அவற்றுள் தமிழ்நாட்டில் அதிகம் அறியப்பட்டது 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தது. அப்போது அங்கு காவல் கண்காணிப்பாளராக இருந்தவர் பிரதீப் வி. பிலிப். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் பலத்த காயமடைந்து உயிர் பிழைத்தவர் அவர். காவல் நிலையத்துக்குள் நுழையவே தயங்கும் மக்களுக்கும் நிலையத்துக்கும் இடையே உள்ளூர் இளைஞர்களையும் படித்தவர்களையும் தன்னார்வலர்களாக நிறுத்தலாம் என்பது அவரது யோசனை. போலீஸ் நண்பர்கள் குழு என்ற அந்த அமைப்பு அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதும் விரிந்தது. 2002இல் பிரிட்டன் வழங்கும் அரசியின் விருது ஒன்றையும் அதற்காகப் பிலிப் பெற்றார். தன்னார்வலர்கள் இரவு ரோந்தில் காவலர்களோடு நடந்தார்கள், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார்கள், போக்குவரத்தைச் சீர்செய்தார்கள், சின்னச் சின்னத் தகவல்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஊர்க்காவல் படையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊர்க்காவல் படைக்கு 1963ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அதில் சேருகிறவருக்குச் சீருடை, பயிற்சி, படி, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் எழுத்தில் உண்டு. போலீஸ் நண்பருக்கு இருந்தவை அடையாள அட்டையும் ஆய்வாளரின் நல்லெண்ணமும். அமைப்பை நிறுவியவரின் நோக்கத்தில் யாரும் குறை காணவில்லை. ஆனால் அதிகாரத்துக்கு அருகில் நிற்கும் ஒருவருக்கு எது செய்யலாம், எது செய்யக் கூடாது என்று சட்டம் வரையறுக்காதபோது, அவர் பணிபுரியும் நிலையத்தின் குணமே அவரது குணமாகிவிடும். நல்ல ஆய்வாளரிடம் அவர் நல்ல நண்பர். முரட்டு ஆய்வாளரிடம் அவர் லத்தி பிடித்த இன்னொரு கை.

இதே பத்தாண்டின் இறுதியில் திருச்சி மாநகரில் வேறொரு வழி முயலப்பட்டது. 1999இல் அங்கு ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி, புதிய அமைப்பு எதையும் உருவாக்காமல் காவலரையே மாற்ற முயன்றார். நகரை ரோந்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட சில காவலர்களிடமே ஒப்படைத்தார். இன்றைக்கு ஒரு தெரு, நாளைக்கு வேறொரு தெரு என்று அலைந்த காவலர் ஒரே வட்டாரத்தின் பெட்டிக்கடைக்காரரையும் ஆட்டோ நிறுத்தத்தையும் பெயர் சொல்லி அறியும் நிலைக்கு வந்தார். முகம் காட்டத் தயங்குவோருக்காகப் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குடிசைப் பகுதிகளைக் காவல்துறை தத்தெடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பெட்டியும் தத்தெடுப்பும் கண்ணில் படும். உண்மையான மாற்றம் ரோந்து முறையில்தான் இருந்தது என்பது என் கருத்து. யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தான் ஒருவர் சொல்வார். ‘காவல்துறை’ என்ற பொதுப்பெயரிடம் எவரும் மனம் திறப்பதில்லை.

இந்தப் பாடத்தை முழுமையாக எடுத்துக்கொண்ட மாநிலம் கேரளம். நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் 20 காவல் நிலையங்களில் தொடங்கிய ஜனமைத்ரி சுரக்ஷா திட்டத்தில், சுமார் 500 வீடுகள் கொண்ட ஒரு பகுதிக்கு ஒரு ரோந்துக் காவலர் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் நேரில் போய் வர வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அடங்கிய குழு நிலையத்தில் கூடிப் பேசும். 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம் இப்படிப்பட்ட சமுதாயத் தொடர்புக் குழுக்களுக்குச் சட்ட இடம் கொடுத்தது. ஒரு திட்டம் அதைத் தொடங்கிய அதிகாரி மாற்றலாகிப் போன பிறகும் மூச்சுவிடுமா என்பதை இந்தச் சட்ட இடமே பெரிதும் தீர்மானிக்கிறது. திருச்சியில் திரிபாதிக்குப் பின் வந்தவர்கள் அவர் செய்ததைத் தொடர வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வெறும் திருட்டைத் தாண்டிய பயனும் இத்தகைய ஏற்பாட்டுக்கு உண்டு என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பிவண்டி சான்று. 1970இலும் 1984இலும் கொடிய வகுப்புக் கலவரங்களைக் கண்ட விசைத்தறி நகரம் அது. 1988இல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, பேட்டைதோறும் இரு சமயத்தாரும் சேர்ந்த மொகல்லா குழுக்களை அமைத்து, அக்குழுக்களின் கூட்டங்களில் சாதாரணச் சண்டை சச்சரவுகளைப் பேசித் தீர்க்க வைத்தார். 1992 டிசம்பரிலும் அடுத்த மாதமும் பக்கத்தில் மும்பை எரிந்துகொண்டிருந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. நெருக்கடி வந்த பிறகு கூட்டிய அமைதிக் குழுவாக அவை இருந்திருந்தால் இது நடந்திருக்காது. குழாயடிச் சண்டைக்கும் வாடகைத் தகராறுக்கும் நான்கு ஆண்டுகள் ஒன்றாக உட்கார்ந்து பழகியவர்களால்தான் அந்த வாரங்களில் வதந்தியைத் தடுத்து நிறுத்த முடிந்தது.

இனி வணிகர்களிடம் வருவோம். கடைக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே மிகப் பழைய உறவு ஒன்று ஏற்கெனவே உண்டு. அதற்கு மாமூல் என்று பெயர். கூட்டுத் திட்டங்களைப் பற்றிய அரசு ஆவணங்கள் இதைப் பேசுவதில்லை. ஆனால் ஆய்வாளர் கூட்டும் வணிகர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரரின் மனத்திலும் அது உட்கார்ந்திருக்கிறது. கேமராவுக்கு நிதி தாருங்கள் என்று நிலையத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தால், அதை மறுத்தால் என்ன ஆகும் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் பதில் சொல்வதில்லை.

வணிகருள்ளும் எல்லாருக்கும் ஒரே நிலை இல்லை. நகைக்கடைக்காரர் களவுக்கு அஞ்சுகிறவர். அடகுக் கடைக்காரரோ களவுக்கும் அஞ்ச வேண்டும், காவலுக்கும் அஞ்ச வேண்டும். பறித்த சங்கிலி பணமாகும் இடம் பெரும்பாலும் அடகுக் கடையோ நகைப் பட்டறையோ என்பதால், குற்றத் தடுப்பில் அவர்களின் ஒத்துழைப்புக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. அடகு வைக்க வருகிறவரின் அடையாளச் சான்றை வாங்கிப் பதிவு செய்தாலே திருட்டு நகையின் சந்தை பாதி சுருங்கும். ஆனால் பிடிபட்டவர் கைகாட்டும் கடையில் போலீசார் வந்து ‘ரெக்கவரி’ கேட்கும்போது, அந்த நகையைக் கண்ணாலும் பார்க்காத கடைக்காரர்கூட திருட்டுப் பொருளை வாங்கியதாக வழக்கு வரும் என்ற அச்சத்தில் தம் கையிருப்பிலிருந்து தங்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது அடகுக் கடைக்காரர் சங்கங்களின் நெடுங்காலக் குறை. இப்படி ஒருமுறை பட்டவர், அடுத்த முறை சந்தேகத்துக்குரிய ஆள் வந்தால் நிலையத்துக்குத் தகவல் சொல்வாரா, சத்தமில்லாமல் அனுப்பிவிடுவாரா என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

சென்னையில் வணிகர் பங்களிப்பு பேருருவம் எடுத்தது கேமராவில்தான். 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம் மென்பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வளவு பரபரப்பான நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. சந்தேகத்துக்குரியவரின் உருவம் கிடைத்தது நிலையத்துக்கு வெளியே, அக்கம்பக்கத்துத் தெருவில் தனியார் வைத்திருந்த கேமராவில். கைதானவர் சில மாதங்களில் புழல் சிறையில் இறந்துபோனதால் வழக்கு விசாரணையையே எட்டவில்லை. ஆனால் தனியார் கேமரா பொதுப் பாதுகாப்புக்கு உதவும் என்ற எண்ணம் நகரின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு மே மாதம் ஆணையராகப் பொறுப்பேற்ற ஏ.கே. விசுவநாதன் இதையே இயக்கமாக்கினார். 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது இலக்கு. ‘மூன்றாவது கண்’ என்பது பெயர். குடியிருப்போர் நலச் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் பள்ளிகளும் கோயில்களும் நிறுவனங்களும் செலவை ஏற்றன. சொந்தமாகக் கேமரா வைத்திருந்த கடைக்காரர்களிடம், ஒன்றையாவது கல்லாவை விட்டுச் சாலையின் பக்கம் திருப்பச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு உலகிலேயே அடர்த்தி மிக்க நகரம் சென்னை என்று ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்கெடுப்பு சொல்லும் நிலை வந்தது. இத்தகைய கணக்கெடுப்புகள் எண்ணும் முறையில் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் முதலிடம் என்ற பட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவ்வளவையும் பெரும்பாலும் அரசுப் பணமின்றிச் சாதித்தார்கள் என்பதே கவனிக்க வேண்டியது.

கேமரா என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதைப் பற்றி உலக அளவில் நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று தெளிவான விடை தருகிறது. கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 விழுக்காடு குறைகிறது. வண்டி நிறுத்துமிடங்களில் பலன் மிக அதிகம். அடிதடி, வெட்டுக்குத்து போன்ற வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. இது நம் அன்றாட அறிவோடு பொருந்துகிறது. வாகனத் திருடன் மேலே பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவான். குடிபோதையிலோ ஆத்திரத்திலோ கத்தியைத் தூக்குகிறவன் மேலே பார்ப்பதில்லை. அவனைப் பொறுத்தவரை கேமரா தடுப்பது அன்று, நடந்த பிறகு சாட்சி சொல்வது. சாட்சிக்கும் தடுப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் விளம்பரப் பலகைகள் கவனமாக மறைத்துவிடுகின்றன.

அந்தச் சாட்சிக்கும் ஆயுள் உண்டு. கேமராவை வாங்கிக் கொடுக்க விழா எடுக்கலாம். அதன் ஹார்ட் டிஸ்க்கை மாற்றவும், மழையில் நனைந்த கம்பியைச் சரிசெய்யவும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டவும் யாரும் விழா எடுப்பதில்லை. சாலை தோண்டும்போது அறுந்த கம்பி அறுந்தபடியே கிடக்கும். கேமராவின் சொந்தக்காரர் யார் என்பது எழுத்தில் இல்லாத இடங்களில் பழுதுக்கும் சொந்தக்காரர் இல்லை.

ஹைதராபாத் இதைச் சட்டத்தால் சரிசெய்யப் பார்த்தது. 2013இல் அன்றைய ஆந்திர அரசு இயற்றி, பின்னர் தெலங்கானாவுக்கும் தொடர்ந்த பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரே நேரத்தில் 100 பேரோ ஒரு நாளில் 500 பேரோ கூடக்கூடிய நிறுவனம் எதுவாயினும் கேமரா பொருத்தி, பதிவை 30 நாள் வைத்திருந்து, கேட்கும்போது காவல்துறைக்குத் தர வேண்டும். அதே நகரின் சைபராபாத் பகுதியில் 2006 முதலே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் காவல்துறையும் சேர்ந்த பாதுகாப்பு மன்றம் ஒன்று இயங்கிவருகிறது. பெண் ஊழியர்களுக்கான ‘ஷீ ஷட்டில்’ பேருந்துகள் அதன் பயனுள்ள பணிகளில் ஒன்று. நிறுவனங்கள் நிறைந்த வட்டாரத்தில் இது நன்றாக நடக்கும். நிறுவனமே இல்லாத வட்டாரம் என்ன செய்யும்? கொடுப்பவர் இருக்கும் தெருவில் கேமராவும் ரோந்து வண்டியும் சேர்வதும், கொடுக்க இயலாத தெரு இருட்டில் நிற்பதும் இந்த முறையோடு கூடவே வரும் விளைவு. இதைச் சமன்செய்வது அரசின் வேலை. அரசு தன் பணத்தை நன்கொடை கிடைக்காத தெருக்களில் முதலில் செலவிட்டால் மட்டுமே தனியார் பங்களிப்பு நியாயமானதாகும்.

இன்னொன்றும் உண்டு. கேமரா தருகிறவர் தந்தது படம் எடுக்கும் கருவியை; அதை வைத்து என்ன செய்யப்படும் என்பதற்கு அவர் ஒப்புதல் தரவில்லை. தியாகராய நகரில் தீபாவளிக் கூட்டத்தில் பழைய குற்றவாளிகளை அடையாளம் காண முகமறியும் மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. பின்னர் மாநிலம் முழுவதற்குமான அமைப்பும் வந்தது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் தளத்துக்குள் வெளியார் ஊடுருவியதாகச் செய்தி வந்தது. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் ஒரு சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கத் தாராளமான வழி வைத்திருக்கிறது. கடை வாசலைக் கடந்துபோன பெண்ணின் முகம் எத்தனை நாள், யாருடைய கணினியில், என்ன நோக்கத்துக்காக இருக்கும் என்று கேமராவுக்குப் பணம் கொடுத்த சங்கத் தலைவருக்கும் தெரியாது. கடந்துபோன அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

பிரிட்டன் 1998இல் இயற்றிய குற்ற, ஒழுங்கின்மைச் சட்டம் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. காவல்துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து தம் பகுதியின் குற்ற நிலையை ஆய்வு செய்து, மக்களிடம் கருத்துக் கேட்டு, தடுப்புத் திட்டத்தை வெளியிட வேண்டும் என்று அது கடமை விதித்தது. திட்டம் வெளியானால் அடுத்த முறை, சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்க முடியும். நம் மாநகராட்சிக்கு இந்த விவகாரத்தில் ஏறத்தாழ இடமே இல்லை. தெருவிளக்கு எரியாததும், பாழடைந்த கட்டடம் பூட்டப்படாததும், மதுக்கடை எந்த மூலையில் அமைகிறது என்பதும் குற்றத்தோடு நேரடித் தொடர்புடையவை; ஆனால் அவற்றில் எதுவும் ஆய்வாளரின் கையில் இல்லை. நலச் சங்கக் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டால் ஆய்வாளர் மாநகராட்சிக்கு எழுதுவதாகச் சொல்வார். அடுத்த கூட்டத்துக்குள் அவருக்கு மாற்றல் வந்திருக்கும்.

மாற்றல் என்பதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பிரேசில், கொலம்பியா, லைபீரியா, உகாண்டா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் சமுதாயக் காவல் திட்டங்களை ஒரே முறையில் சோதித்து 2021இல் வெளியான ஆய்வு, அவற்றால் குற்றமும் குறையவில்லை, காவல்துறை மீதான நம்பிக்கையும் கூடவில்லை என்று கண்டது. ஆய்வாளர்கள் கூறிய காரணங்கள் நமக்குப் பழக்கமானவை: மேலிடம் இதை முதன்மைப் பணியாகக் கருதவில்லை, பொறுப்பில் இருந்தவர்கள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள், மக்கள் சொன்ன குறைகளைத் தீர்க்க நிலையங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. குறையைக் கேட்டுவிட்டுத் தீர்க்காமல் விடுவது, கேட்காமலே இருந்ததைவிட மோசம் என்பதை ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு நடையாய் நடந்தவர் எவரும் அறிவார். காவல் அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது பெரும்பாலும் அரசியல் தலையீட்டைத் தடுக்கும் நோக்கில் பேசப்படுகிறது. தெருவை அறிந்த காவலர் என்ற ஒருவர் உருவாகவே அது முதல் நிபந்தனை.

2020 ஜூன் 19 அன்று தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லி, செல்பேசிக் கடை நடத்திய தந்தையையும் மகனையும் போலீசார் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் அதிகாலை தந்தையும் கோவில்பட்டியில் இறந்தார்கள். வணிகர் சங்கங்கள் கடையடைத்துப் போராடின. கூட்டு, பங்காளி என்றெல்லாம் அழைக்கப்படும் வணிகர், நிலையத்தின் வாசலைக் கடந்ததும் என்ன ஆகிறார் என்ற கேள்வியை அதைவிடக் கொடுமையாக எழுப்ப முடியாது.

ஊரடங்குக் காலத்தில் காவலர்களோடு பணியில் இருந்த போலீஸ் நண்பர்கள் குழுவினருக்கும் அந்த நிகழ்வில் தொடர்புண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அமைப்பினர் மறுத்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை பின்னர் ஒன்பது போலீசார் மீதே குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தது. ஆனால் அதற்கு வெகு முன்பே, ஜூலை மாதத்தின் இரண்டாம் வாரத்தில், மாநிலம் முழுவதும் அந்தக் குழுவுக்கு அரசு தடை விதித்துவிட்டது. அப்போது தமிழ்நாடு காவல்துறையின் தலைமை இயக்குநராக இருந்தவர், திருச்சியில் ரோந்துக் காவலர் முறையைக் கொண்டுவந்தவரும், வேளச்சேரி என்கவுன்டர் நடந்த நாளில் சென்னை ஆணையராக இருந்தவருமான அதே திரிபாதி. ஒரே அதிகாரியின் பணிக்காலத்துக்குள் இந்த மூன்றும் அடங்கிவிடுகின்றன என்றால், தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பி இத்தகைய ஏற்பாடுகளைக் கட்டுவதன் வரம்பு அங்கேயே தெரிகிறது. இருபத்தேழு ஆண்டு வளர்ந்த தன்னார்வ அமைப்பு ஓர் ஆணையில் மறைந்தது. அது எந்தச் சட்டத்திலும் நிற்கவில்லை என்பதால் கலைக்கவும் எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

சாத்தான்குளம் காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனுப்பிய நீதித்துறை நடுவர் அங்கு சென்று பார்த்து அளித்த அறிக்கையில், ஒரு டெராபைட் கொள்ளளவு கொண்ட ஹார்ட் டிஸ்க் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாகக் குறிப்பிட்டார். மூலைக்கடைக்காரரிடம் பதிவைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று கேட்கும் துறையின் நிலையத்தில் பதிவுக்கு ஆயுள் ஒரு நாள்.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை என்று எந்த மூலையும் விடுபடாமல் கேமரா பொருத்த வேண்டும் என்றும், பதிவை 18 மாதங்களும் எந்த நிலையிலும் ஓராண்டுக்குக் குறையாமலும் காக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் இயங்கும் கேமராக்கள் இல்லாதது குறித்து அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதிவு செய்தது.